அனுப்பாத கவசம்

பிச்சைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரில் பெயர். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டுதான் அவர் நாலு மாதமாக வீட்டுக்குள் ஒரு பொய்யைக் காபந்து பண்ணிக்கொண்டிருந்தார். நெல் கொட்டி வைக்கும் பெரிய தகர டிரம்மில், பாதி நெல்லுக்குக் கீழே, உரச் சாக்கில் சுற்றி அது கிடந்தது. துப்பாக்கிக் குண்டு துளைக்காத கவச உடை. மூத்த மகன் நிலவழகனுடையது. நிலவழகன் மத்தியப் படையில் இருந்தவன். சத்தீஸ்கர் காட்டுக்குள் இருந்த முகாமில், நெஞ்சில் ஒரே ஒரு குண்டு பட்டுச் செத்தான். அவன் செத்து நூற்றுப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அந்த டிரம்மிலிருந்து நெல் அள்ள அவர் வேறு யாரையும் விடுவதில்லை. மில்லுக்குக் கொண்டுபோவதும் அவர்தான், அரிசியாக்கிக் கொண்டுவருவதும் அவர்தான். மருமகள் பிரகதீஸ்வரி இதைப் பார்த்து, மாமா தன்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்று இவ்வளவும் செய்கிறார் என நினைத்துக்கொண்டாள். ஒருநாள் பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்படவும் செய்தாள். பிச்சைக்கு அது காதில் விழுந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு அவர் அவளோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். கறம்பக்குடியில் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போகிற பஸ். பிரகதி கறம்பக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வக்கீலைப் பார்க்கப் புறப்பட்டிருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் அந்தக் கவசம் வாங்கிய பில், கம்பெனிக்காரன் தந்த சான்றிதழ், இறப்புச் சான்றிதழ். மூன்று காகிதத்தையும் எத்தனை முறை பார்த்திருப்பாளோ, மறுபடியும் எடுத்துப் பார்த்தாள்.

"இதுல தெளிவா போட்டுருக்கான் மாமா, ரைஃபிள் குண்டே துளைக்காதுன்னு. கலரு கலரா படம் வேற. அம்புட்டும் பொய்யி. டூப்ளிகேட் சாமானத்த என் தலையில கட்டிட்டான். அவன விட மாட்டேன்."

பிச்சை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கணக்கு இதுதான். கல்யாணமான மறு வருடமே அவளுக்குக் காட்டின் மேல் பயம் வந்துவிட்டது. படையில் கொடுக்கிற கவசம் நல்ல கனம், ரோந்துக்குப் போகும்போது மாட்டுவார்கள், முகாமுக்குத் திரும்பியதும் கழற்றி வைத்துவிடுவார்கள் என்று நிலவழகன் ஒருதரம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், அவள் தூக்கம் போனது. தேடித் தேடி, வடக்கே ஒரு கம்பெனியில் கனமில்லாத ஒன்றைப் பிடித்து, அவன் முகாம் விலாசத்துக்கே வரவழைத்தாள். பனியன் மாதிரி பகல் முழுக்கப் போட்டுக்கொண்டு திரியலாம். சாப்பிடும்போதும் அது உடம்பில் இருக்க வேண்டும், குளிக்கும்போது தவிர கழற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். தினமும் போனில் முதல் கேள்வியே அதுதான்.

அப்படிப்பட்டவன் முகாம் ஓரத்தில், கைக்குழாயில் தண்ணீர் அடிக்கும்போது நெஞ்சில் குண்டு வாங்கிச் செத்தான் என்றால், கவசம் போலியாகத்தானே இருக்க வேண்டும்? கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. விடை தப்பாக வந்ததற்குக் காரணம், ஒரு எண்ணை மாமனார் மறைத்துவிட்டார்.

அவர் மறைத்தது பொங்கல் லீவில் நடந்த ஒரு காரியம்.

நிலவழகன் லீவுக்கு வரும்போது அந்தக் கவசத்தையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். முகாமில் விட்டுவிட்டு வந்தால் ஆளுக்கு ஆள் எடுத்து மாட்டிக்கொள்வார்கள், திரும்பி வராது என்று அவனுக்குத் தெரியும். பிச்சை அதைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். அவர் மனம் அப்போதே இளையவன் அஜித்தின் பக்கம் போய்விட்டது. அஜித் மாடு பிடிக்கிறவன். தை பிறந்துவிட்டால் அவன் வீட்டில் தங்க மாட்டான், எங்கெங்கே வாடிவாசல் திறக்கிறதோ அங்கெல்லாம் இருப்பான். முந்தின வருடம் விலாவில் கொம்பு கிழித்துப் பதினேழு தையல். தாயில்லாப் பிள்ளை. பிச்சையின் மனைவி சொர்ணவல்லி போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு வயது பன்னிரண்டு. அவள் கடைசியாகப் பிச்சையின் கையைப் பிடித்துச் சொன்னதும் அவனைப் பற்றித்தான். அதனாலோ என்னவோ, மூத்தவன் மேல் வைத்திருந்தது நம்பிக்கை, இளையவன் மேல் வைத்திருந்தது பயம் என்று ஆகிப்போனது. பெற்றவர்களுக்கு இப்படி ஒரு கோணல் புத்தி உண்டு. தாங்குகிற பிள்ளையிடமிருந்து எடுத்துத் தடுமாறுகிற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அதை நியாயம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

லீவு முடிந்து மூத்தவனைப் புதுக்கோட்டை ரயில்வே ஸ்டேஷனில் ஏற்றிவிடப் பிச்சைதான் வண்டியில் கூட்டிப்போனார். குழந்தை சுடர்விழிக்குக் காய்ச்சல் என்று பிரகதி வரவில்லை. பிளாட்பாரத்தில் வைத்து அவர் கேட்டார். கேட்டார் என்ன, வாங்கிவிட்டார். நிலவழகன் பையைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தான்.

"பிரகதிக்குத் தெரிய வேணாம்ப்பா. அவன் மாடு புடிச்சு முடிஞ்சதும் கொரியர்ல போட்டுவிட்டுருங்க," என்றான்.

ரயில் நகர்ந்ததும் அவர் அங்கே நிற்கவில்லை. பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு ஓடி வந்தார். பிரகதி குழந்தையை டாக்டரிடம் தூக்கிப் போயிருந்த நேரம் பார்த்து, ராணுவத்தில் இருந்து ரிட்டையரான ஒருத்தர் கொடுத்தார் என்று சொல்லி அஜித்திடம் நீட்டினார். அண்ணனுடையது என்றால் அவன் வாங்க மாட்டான்; அண்ணன் பையில் அது இருந்ததை அவன் பார்த்ததும் இல்லை.

அஜித் வாங்கி மாட்டிப் பார்த்தான். கையைத் தூக்கினான், குனிந்தான். மாட்டின் திமிலை அணைப்பதுபோல டிரம்மை ஒருதரம் அணைத்துப் பார்த்தான். பிறகு கழற்றிக் கட்டிலில் வைத்தான்.

"என்னப்பா இது? வாடியில உள்ள விடுறதுக்கு முந்தி டாக்டரு தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. டிசர்ட்டுக்குள்ள இது இருந்தா அங்கிட்டே தொரத்திருவாங்க."

"தெரியாம போட்டுக்கடா."

"தெரியாமப் போட்டா மட்டும்? மாடு வெறும் மேலோட வருது. நான் மட்டும் இத மாட்டிக்கிட்டுப் போயி நின்னா, அதுக்குப் பேரு மாடு புடிக்கிறதாப்பா? அவனவன் காறித் துப்புவான்."

அவன் அதை மறுபடி தொடவே இல்லை. அந்த வருடமும் வெறும் டிசர்ட்டோடு நாலு வாடிவாசலுக்குப் போய், ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தான்.

அஜித் வேண்டாம் என்ற மறுநாளே பிச்சை அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு கொரியர் கடைக்குப் போயிருந்தார். உள்ளே என்ன என்று அந்தப் பையன் கேட்டான். நம் ஆள்தான் பொய் சொல்லத் தெரியாதவர் ஆயிற்றே. "புல்லட் புரூஃப்" என்று பளிச்சென்று சொன்னார். அந்தப் பையன் காதில் புல்லட் மட்டும்தான் விழுந்திருக்கும்போல.

"ஐயா, பட்டாசு, துப்பாக்கி சாமான்லாம் இங்க எடுக்கிறதில்ல. அனுப்பணும்னா போலீஸ்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க," என்று சாக்கைத் தள்ளிவிட்டான்.

போலீஸ் என்றதும் பிச்சை சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊர்க்காரன் மகன் கண்ணன் போலீஸாக இருந்தான். அவனை டீக்கடையில் பார்த்து, யாரோ ஒருத்தருக்காகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"பொதுசனத்துக்கு அது எதுக்குய்யா?" என்று கண்ணன் சிரித்தான். "சும்மா இருக்கிறவன் எவனாச்சும் குண்டு தொளைக்காத சட்டை வாங்குவானா? எவன்கூடயோ சண்டைக்குப் போறான்னுதான அர்த்தம்? எங்க கையில மாட்டுனா மொத கேள்வியே, எவன வெட்டப் போறன்னுதான் கேப்போம்."

பிச்சை டீக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். எதிரியைத் தாக்குகிற சாமானையும் குண்டைத் தடுக்கிற சாமானையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறானே என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அஜித் பெயரில் கேஸ் கீஸ் ஆகிவிட்டால்? மூத்தவன் வேலைக்கு ஏதாவது வந்துவிட்டால்? அவர் சாக்கைக் கொண்டுபோய்ப் பீரோவுக்கு மேல் போட்டார். போனில் மகனிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"விடுங்கப்பா. அடுத்த லீவுல எடுத்துக்கிறேன். இதுக்காக ஸ்டேஷனு கீஷனுன்னு அலையாதீங்க," என்றான் நிலவழகன்.

அடுத்த லீவு வரவில்லை. அவன்தான் பெட்டியில் வந்தான். மரியாதைக் குண்டுகள் முழங்கி முடிந்த அன்று சாயங்காலம், வீடு நிறைய ஜனம் இருக்கும்போதே, பிச்சை அந்தச் சாக்கை எடுத்து நெல்லுக்குள் புதைத்தார். மகனைப் புதைத்த கையில் மண்கூடக் காயவில்லை.

அன்றிலிருந்து சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். சொன்னால் அவள் சுடர்விழியைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அதுகூடப் பரவாயில்லை. அவள் அவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். புருஷன் செத்த வீட்டில், மாமா சாப்பிட்டீங்களா என்று முதலில் கேட்ட பெண் அவள். அந்த ஒரு கேள்வியை இழக்க அவருக்குத் தைரியம் இல்லை. உண்மையைச் சொல்லப் பயந்து இப்படி ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டு வந்ததில், காரியம் வக்கீல் வரைக்கும் வந்துவிட்டது.

வக்கீல் ஜெரால்டு கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடி அறையில் இருந்தார். அறுபது வயது, நிதானமான மனிதர். ஒவ்வொரு காகிதத்தையும் மெதுவாகப் படித்தார்.

"நுகர்வோர் கோர்ட்டுல போடலாம்மா. ஆனா மொதல்ல சாமான் வேணும். அத எங்கயாச்சும் குடுத்துச் சோதிச்சாத்தான போலியா இல்லையான்னு சொல்ல முடியும்? எங்க இருக்கு அது?"

"அவரு சாமானோட வரல சார். படையில வச்சிருப்பாங்க. அவரு மேலயே இருந்ததுதான. லெட்டர் போட்டுருக்கேன்."

பிச்சை தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரகதி கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "இன்னொண்ணு சார். பில்லு என் பேருல இருக்கு. நான் வெறும் டீச்சரு. பொதுமக்கள் இத வாங்குனதே தப்புன்னு கம்பெனிக்காரன் என் மேலயே திருப்பிட்டா?"

"அது நல்ல கேள்வி. நானும் நீங்க போன் பண்ணதுல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்." ஜெரால்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செய்றவனுக்கும் விக்கிறவனுக்கும் ஏகப்பட்ட லைசென்ஸு, ரூல்ஸு எல்லாம் இருக்கு. ஆனா சாதாரண ஆளு ஒருத்தர் வாங்கி வீட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னு தனியா ஒரு சட்டம் என் கண்ணுக்குத் தட்டுப்படலம்மா. ஆயுதச் சட்டம் ஆயுதத்துக்குத்தான். இது ஆயுதம் இல்லையே. இதால யாரையும் குத்த முடியாது, சுட முடியாது. போலீஸ்காரங்க எதுக்கு வச்சிருக்கன்னு கேக்கலாம். கேட்டா, என் வீட்டுக்காரருக்கு வாங்குனேன்னு சொல்லிட்டுப் போறீங்க. இதுல பயப்பட என்ன இருக்கு?"

பிச்சை தலையை நிமிர்த்தினார். நூற்றுப் பதினோரு நாளில் அவர் தானாக வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டது அப்போதுதான்.

"பார்சல்ல அனுப்பலாங்களா சார்?"

"தாராளமா அனுப்பலாம்யா. கடைக்காரப் பையங்க பேரைக் கேட்டுப் பயப்படுவாங்க. போஸ்ட் ஆபீஸ்ல போயி விளக்கிச் சொன்னா வாங்கிக்குவாங்க. இல்லாட்டி என்னைய மாதிரி யாரையாச்சும் கேட்டா, ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருவோம். ரெண்டு நிமிச வேலை."

ரெண்டு நிமிஷ வேலை. இல்லாத ஒரு சட்டத்துக்குப் பயந்து அவர் பீரோவுக்கு மேல் போட்டு வைத்தார். பத்து நாளில் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அவன் உயிரோடு இருந்தான். பொய் சொன்னால் போய்ச் சேர்ந்திருக்கும் இடத்தில் உண்மையைச் சொன்னார், உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் பொய்யைக் கட்டிக் காத்தார்.

பிரகதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மாமா அனுப்புறதப் பத்திக் கேக்குறீங்க?"

பிச்சை மறுபடியும் கால் விரல்களைப் பார்த்தார்.

"மாமா. எதுக்குக் கேட்டீங்க?"

"அது வீட்டுல இருக்கு ஆத்தா," என்றார் பிச்சை. "நெல்லு டிரம்முக்குள்ள."

ஜெரால்டு எதையோ புரிந்துகொண்டவராக, போன் பேசப் போவதுபோல எழுந்து வெளியே போனார். பிச்சை எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் ஒளிக்காமல், அஜித்துக்காகக் கேட்டது, அஜித் வேண்டாம் என்றது, கொரியர் கடை, டீக்கடை, பீரோ, நெல் என்று வரிசையாகச் சொன்னார். முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க கேட்டதும் குடுத்துட்டாரா?"

பிச்சை இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம், கேட்டவுடனே கொடுத்துவிட்டான் என்று சொல்லியிருந்தால் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும்.

"இல்லத்தா. மொதல்ல புள்ள, பிரகதி வையும்ப்பான்னுச்சு. ரெண்டாந் தடவ கேட்டதுக்கு, இதுதாம்ப்பா அங்க எனக்குக் கொஞ்சம் தெம்புன்னுச்சு. நான் விடல. ஒனக்குக் கவர்மெண்டு ஒண்ணு குடுத்துருக்கு, ஒன் தம்பிக்கு எவன் குடுப்பான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அது எதுவும் பேசல. எடுத்துக் குடுத்துருச்சு."

பிரகதி ஃபைலை மூடினாள். பில்லின் ஒரு முனை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளி மறுபடி மூடினாள்.

"தெனமும் கேப்பேன்," என்றாள். "போட்டுருக்கீங்களான்னு. போட்டுருக்கேன், போட்டுருக்கேன்னே சொன்னாரு. அன்னைக்குக் காலையிலயும் சொன்னாரு. என்கிட்ட பொய்யே சொன்னதில்லன்னு இங்கிட்டு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

ஜெரால்டு திரும்பி வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"கேஸ் வேணாம் சார். சாமான்ல குத்தம் இல்ல. கம்பெனிக்காரன் நல்லதத்தான் குடுத்துருக்கான்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. நாலு மாதமாகத் திட்டித் தீர்க்க அவளுக்கு ஒருத்தன் இருந்தான். முகம் தெரியாத, வடக்கே எங்கோ இருக்கிற ஒருத்தன். இப்போது அவனும் இல்லாமல் போனான்.

திரும்பும் பஸ்ஸில் அவள் பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பிச்சை பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடம் காலியானபோதும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. அஜித் மினி லாரி ஓட்டப் போயிருந்தான். அண்ணன் செத்த பிறகு அவன் மாட்டுப் பேச்சையே எடுப்பதில்லை. சுடர்விழி பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிச்சை டிரம்முக்குள் கையை விட்டு, தோள் வரைக்கும் நெல்லுக்குள் புதைய, சாக்கை இழுத்து எடுத்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த மருமகளின் முன்னால் வைத்தார்.

அவள் பிரித்தாள். நெல் உதிர்ந்து தரையில் சிதறியது. வாங்கிக் கொடுத்தவள் அவள்தான், ஆனால் லீவு நாளில் காட்டு ஞாபகம் வேண்டாம் என்று அவன் பைப் பக்கமே அவள் போகாததில், அதைக் கையால் தொட்டதே இல்லை. தூக்கி மடியில் வைத்தாள்.

"இம்புட்டுக் கனந்தானா?" என்றாள். "நம்ம சுடரு ஆறு மாசத்துல இத விடக் கனமா இருந்தாளே."

கழுத்துப் பட்டியில் பழைய வியர்வைக் கறை இருந்தது. லீவுக்கு வருவதற்கு முன்னால் மாதக்கணக்கில் அவன் போட்டிருந்த கறை. அவள் அதை மோந்து பார்த்தாள். நாலு மாதம் நெல்லுக்குள் கிடந்ததில் அது நெல் வாசனைதான் அடித்திருக்க வேண்டும். அவள் முகம் அப்படித்தான் சொன்னது. முன்பக்கத் தகட்டின் மேல், நெஞ்சு வருகிற இடத்தில், உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

பிச்சை அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்ட மாட்டாளா என்று ஏங்கினார் என்றுகூடச் சொல்லலாம். ரெண்டு கையால் அவர் தலையில் அடித்திருந்தால், அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பார்.

"அஜித்துக்குத் தெரிய வேணாம்," என்றாள் அவள். "தனக்காகத்தான் அண்ணன் கழட்டிக் குடுத்தாருன்னு தெரிஞ்சா அவன் உசுரோட இருக்க மாட்டான். ஒத்தப் புள்ளையாச்சும் ஒங்களுக்கு மிச்சம் இருக்கட்டும்."

பிச்சைக்கு அழுகை கிளம்பியது. நாலு மாதமாக, மயானத்தில்கூட, ஜனங்கள் பார்த்துப் பார்த்து ஆச்சரியப்படும்படி கல்லாக நின்ற மனிதர் அவர். இப்போது வாயைப் பொத்திக்கொண்டும் சத்தம் வெளியே வந்துவிட்டது. கை நீட்டி அவள் காலைத் தொடப் போனார்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இங்க அழாதீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை, மாமா என்ற சொல்லும் இல்லை. "நீங்க அழுதா நாந்தான் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல. வெளிய போயி அழுங்க."

பிச்சை தரையில் கையூன்றி எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிடக்கூட இல்லை. அவள் சொன்னபடி வெளியே போய்த்தான் அழுதார்.